கைப்பிடி இல்லாத தலை

நசீம் பானு போட்டோ புடிக்கக் கத்துக்குனது ஆசையில இல்ல. வேற ஆளு கெடைக்கல, அதனால.

கும்மிடிப்பூண்டி பஜார்ல அவ ஊட்டுக்காரரு ஹயாத் பாஷாவுக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. சிப்காட் கம்பெனிக்குப் புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு கேட் பாஸுக்கு, ஈஎஸ்ஐ கார்டுக்குன்னு பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிறதுதான் அன்னாட பொழப்பு. கல்யாண ஆர்டரு வந்தா அது பழவேற்காட்டு சொந்தக்காரங்க ஊட்டுலருந்துதான் வரும். அங்க ஒரு சிக்கல். ஆம்பளைங்க பக்கம் ஹயாத் பாஷா எடுத்துடுவாரு. பொம்பளைங்க பக்கம் ஒரு ஸ்கிரீன் தொங்கும். அதைத் தாண்டி ஆம்பள போவ முடியாது. பொண்ணு இருக்கிறதும் அந்தப் பக்கம், நகை இருக்கிறதும் அந்தப் பக்கம். மாப்பிள்ளையையும் பிரியாணி அண்டாவையும் எத்தினி தடவதான் எடுப்பாரு மனுஷன்?

ஒருநாள் கேமராவ நசீம் கையில குடுத்தாரு. "இதைத் தள்ளு, இதைத் திருப்பு, இதை அமுக்கு. போ." அவ்ளோதான் படிப்பு. மிக்ஸி வாங்குனப்ப கடைக்காரன்கூட இதைவிட ஜாஸ்தியா சொல்லிக் குடுத்தான்.

மொதல் கல்யாணத்துல பாதிப் பேருக்குத் தலை இல்ல. ரெண்டாவதுல எல்லாருக்கும் தலை இருந்துச்சு. அப்புறம் கை பழகிடுச்சு. உள்ள போனதும் நசீம் மொதல்ல ஒரு சுத்து வருவா. "ஒனக்கு மொகம் தெரியலாமா? ஒனக்கு? ஆயிஷா, நீ மூடிக்கிறியா?"ன்னு ஒவ்வொருத்திகிட்டயும் கேப்பா. வேணாம்னவங்களுக்கு முக்காட்ட அவளே இழுத்து விடுவா. அப்புறம்தான் கேமராகிட்டயே வருவா. அதனாலதான் அவளை நம்பி உக்காந்தாங்க. ஆல்பம் பொண்ணோட பீரோவுக்குள்ள போயிடும், ஊரு ஆம்பளைங்க கண்ணுல படாது. மெட்ராஸ்ல பிலிம் கழுவுறவன் ஆம்பளதானேன்னு நசீம் ஒருதடவ கேட்டா. "அவனுக்கு நம்மள யாருன்னு தெரியுமா? வாய மூடு"ன்னாங்க. மூடிக்கினா.

இவ்ளோ வேலைக்கும் கை ரெண்டு பத்தாது. அதுக்குத்தான் ஸ்டாண்டு. கீழ மூணு காலு, மேல ஒரு தலை. தலைன்னா கேமராவ மாட்டுற எடம், மேல கீழ பக்கவாட்டுல திருப்புறதெல்லாம் அதுதான். அவங்ககிட்ட இருந்த தலையில பின்னாடி நீட்டமா ஒரு கைப்பிடி துருத்திக்கினு நிக்கும். அந்தக் கைப்பிடிதான் நசீமு மானத்த வாங்குச்சு.

அது சிஃபா கல்யாணம், ரெண்டாயிரத்து மூணு. சிஃபா தூரத்து சொந்தம். மாப்பிள்ளைக்கு அம்மா இல்ல, மூத்த அக்கா தாஜுன்னிசாதான் எல்லாமே. தம்பிங்க ரெண்டு பேரையும் வளத்ததே அந்தம்மாதான், அதை ஊருக்கே சொல்லிக்கினும் இருக்கும். நிக்காஹ் ஆனதும் பொண்ணு கழுத்துல தாலி மாதிரி கருகமணி கட்டுறது மாப்பிள்ளையோட அம்மா, இல்லன்னா அக்கா. கல்யாணத்துக்கே அந்த ஒரு போட்டோதான் முக்கியம். ஊட்டுக்குள்ள நடந்த கல்யாணம். எடம் இல்ல. தாஜுன்னிசா ஜரிகை துப்பட்டாவப் போட்டுக்கினு ஸ்டாண்டை உரசிக்கினு பொண்ணுகிட்ட போச்சு. துப்பட்டா முனை கைப்பிடியில மாட்டிக்கிச்சு. யாரும் பாக்கல. நசீம் ஒரு கையால ஒரு கொழந்தைய இழுத்துக்கினே இன்னொரு கையில கேமராவுலருந்து வர்ற ஒயரு பட்டனை வெச்சிக்கினு பொண்ணையேதான் பாத்துக்கினு இருந்தா. தாஜுன்னிசா குனிஞ்சு கருகமணியக் கட்டுச்சு. துப்பட்டா கைப்பிடியக் கீழ இழுத்துச்சு. கேமரா மொகத்தைத் தூக்கி மேல பாத்துச்சு. நசீம் அமுக்கிட்டா.

பிரிண்டு வந்தப்பதான் தெரிஞ்சுது. நடுவுல ஃபேனு. மூணு ரெக்கையும் பளிச்சுன்னு நேரா. கீழ் மூலையில தாஜுன்னிசாவோட நாலு வளையலு.

"நான் கருகமணி கட்டுனதுக்கு ஃபேனுதான் சாட்சியாடி?"ன்னு அந்தம்மா ஆல்பத்தைத் தூக்கிப் போட்டுச்சு. அன்னிலருந்து பழவேற்காட்டுல அவ பேரு ஃபேன் நசீமு. மீன் வாங்கப் போனாகூட, "ஃபேன் நசீமு வந்துக்கிறா, நல்ல மீனாப் போடு"ன்னு சிரிப்பாளுங்க.

ரெண்டு வருஷம் அப்படியே போச்சு. நடுவுல சில்லற ஆர்டருங்க வந்துச்சு, எடுத்தா. அப்புறம் ஹுமைராவுக்கு நாள் குறிச்சாங்க. ஹுமைரா ஹயாத் பாஷாவோட அண்ணன் மொஹசின் பொண்ணு. மொஹசினுக்கு பழவேற்காட்டுல எறா வியாபாரம். மாப்பிள்ளை யாருன்னா, தாஜுன்னிசாவோட ரெண்டாவது தம்பி. அதே அக்கா, அதே கருகமணி. அநேகமா அதே துப்பட்டாவாத்தான் இருக்கும்.

மொஹசினே கும்மிடிப்பூண்டி ஊட்டுக்கு வந்தாரு. டீயக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் எறா வெலையப் பத்தியே பேசிக்கினு இருந்தாரு. அப்பவே நசீமுக்குப் புரிஞ்சிடுச்சு.

"சொல்ல வந்ததைச் சொல்லுங்க மச்சான்."

"இல்லம்மா, நீயே எடு. ஆனா தாஜுன்னிசா ஒண்ணு சொல்லுது. கருகமணி கட்டுறப்ப மட்டும் வீடியோக்காரன் ஸ்கிரீனைத் தள்ளிட்டு உள்ள வந்து எடுக்கட்டுமாம். உன்னுது போனாலும் அது இருக்குமில்ல?"

நசீம் டீ டம்ளரை எடுத்துக்கினு உள்ள போயிட்டா. அவரு போனதுக்கு அப்புறம் ஹுமைரா போன் பண்ணா.

"சாச்சி, எவனோ ஒருத்தன் முன்னாடி நான் முக்காட்ட எடுத்துட்டு உக்காரணுமா? எனக்கு அழுகையா வருது. அத்தாகிட்ட சொன்னா, பெரியவங்க பேசிக்கினு இருக்கோம்ன்றாரு. நீ ஒழுங்கா எடுப்பியா மாட்டியா, அதை மட்டும் சொல்லு."

"எடுப்பேன்."

"சத்தியமா?"

"சோறு வடிச்சிக்கினு இருக்கேன், வை போனை. எடுப்பேன்."

சோறு வடிச்சிட்டு மொஹசினுக்கு அவளே போன் போட்டா. வீடியோக்காரன் உள்ள வர வேணாம். இந்தத் தடவயும் தப்பாச்சுன்னா இனிமே எந்த ஊட்டுலயும் லேடீஸ் சைடுல கேமராவத் தொட மாட்டேன், தாஜுன்னிசா யாரை வேணா கூட்டிக்கினு வந்து உள்ள விட்டுக்கட்டும். சொல்லிட்டு வெச்சிட்டா. வெச்சதுக்கு அப்புறம்தான் யோசிச்சா. பொழப்புப் போறது ஒரு பக்கம். அவ தோத்தா, ஹுமைராவோட முடியாது. அதுக்கப்புறம் எல்லாப் பொண்ணுங்களும் எவனோ ஒருத்தன் முன்னாடி உக்காரணும்.

ராத்திரி சோத்தைப் போட்டுக்கினே ஹயாத் பாஷாகிட்ட சொன்னா.

"அந்தக் கைப்பிடி வேணாங்க. வேற ஸ்டாண்டு வேணும்."

"காலு நல்லா இரும்பாட்டம் இருக்குது. தலைய மட்டும் மாத்துனா போதும்."

"நெறைய பேருக்கு அப்படித்தான்."

அவரு நிமிந்து பாத்தாரு. அவ ரசத்தை ஊத்துனா.

"ஆனா கைப்பிடி இல்லாத தலையெல்லாம் சும்மா ஸ்டைலுக்கு வெச்சிக்கிறது. ஹேண்டில்பாரு இல்லாத சைக்கிளுல எவனாவது போவானா?"

"சைக்கிளு யாரு துப்பட்டாவையும் இழுத்து ஃபேனைப் பாக்கல."

அவரு ஊறுகாய் கேட்டாரு.

பக்கத்து ஊட்டு கிரேஸோட புருஷன் ஸ்டீவன் ஒரு ஸ்டீல் கம்பெனியில ஃபிட்டரு. விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கு எதுக்குக்கா புதுசு? கைப்பிடிய எடுத்துட்டா முடிஞ்சுது. வேணும்னா ரம்பத்தால அறுத்துடறேன்"னான்.

அறுக்க வேணாம், கழட்டிப் பாருன்னா நசீம். சரசரன்னு திருகிக் கழட்டுனான். கேமராவ மாட்டுனதும் அது மெதுவாத் தலையக் குனிஞ்சு தரையப் பாத்துச்சு. நிமித்துனா மறுபடியும் குனிஞ்சுது. அப்பதான் மூணு பேருக்கும் புரிஞ்சுது. கைப்பிடி புடிச்சித் திருப்ப மட்டும் இல்ல. அதைத் திருகுனாத்தான் தலை இறுகும். அதை எடுத்துட்டா புடிமானமே போச்சு.

"ஆமா சாமி போட்டுக்கினு இருக்குது பாரு"ன்னா கிரேஸ். "எங்க மாமியா கூப்பிட்டா இவரு ஆட்டுற மாதிரியே."

"கம்முனு இருடி"ன்னு ஸ்டீவன் கைப்பிடிய மறுபடியும் மாட்டுனான்.

கிரேஸுக்கு லீவு வந்த நாள் ரெண்டு பேரும் கெளம்புனாங்க. நசீம் கேமராவையும் ஃபிளாஷையும் டிபன் பையில வெச்சிக்கினா, மேல ஒரு ஜரிகை துப்பட்டா. மூணு காலையும் பெட்ஷீட்டுல சுத்தித் தூக்கிக்கினா.

"காலை எதுக்குக்கா தூக்கிக்கினு வர்ற?"ன்னா கிரேஸ்.

"செருப்பு வாங்கப் போறப்ப காலை ஊட்லயா வெச்சிட்டுப் போவ? மாட்டிப் பாத்துத்தான் வாங்குவேன்."

ரயில்ல ஒரு பெரியவரு அந்த மூட்டையவே பாத்துக்கினு வந்தாரு. பொன்னேரி தாண்டுனதும் அவரால அடக்க முடியல. "இன்னாம்மா அது?" "காலு"ன்னா நசீம். அவரு அதுக்கப்புறம் ஜன்னலையே பாத்துக்கினு வந்தாரு.

பீச் ஸ்டேஷன்ல எறங்கி, பாரிமுனை பக்கம் போட்டோ சாமான் விக்கிற சந்துக்குப் போனாங்க. கடையில இருந்தவரு பேரு தணிகாசலம். பொம்பளைங்க ரெண்டு பேரைப் பாத்ததும், "ஆல்பமா, ஃப்ரேமா?"ன்னாரு.

"தலை."

"இன்னாது?"

நசீம் பெட்ஷீட்டைப் பிரிச்சு மூணு காலையும் கடை நடுவுல நிறுத்துனா. "இதுக்கு மேல ஒரு தலை வேணும். கைப்பிடி இருக்கக் கூடாது."

மனுஷன் ஏமாத்துறவன் இல்ல. பொறுமையா எடுத்துக் காட்டுனாரு. மொதல்ல ஒண்ணு எடுத்தாரு, அதுல மூணு பக்கமும் மூணு கைப்பிடி. மேல கீழ ஒண்ணு, பக்கவாட்டுக்கு ஒண்ணு, கேமராவப் படுக்க வைக்க ஒண்ணு. "இதுல எடுத்தா ஒரு நூலு கோணாதும்மா. தனித்தனியா டைட் பண்ணலாம். ஸ்டூடியோக்காரங்க இதைத்தான் எடுப்பாங்க."

"ஒரு கைப்பிடிக்கே ஊரு சிரிச்சுது. மூணுன்னா கல்யாணத்தையே இழுத்துக்கினு வந்துடும். அடுத்தது காட்டுங்க."

அடுத்தது கைக்கு அடக்கமா இருந்துச்சு. ஒரு கிண்ணத்துல பெரிய கோலிகுண்டு உக்காந்த மாதிரி. பக்கத்துல ஒரே ஒரு திருகு. "பால் ஹெட்டுன்னு பேரு. திருகை லூஸ் பண்ணா எல்லாப் பக்கமும் போவும். டைட் பண்ணா நிக்கும்."

நசீம் கேமராவ மாட்டுனா, மேல ஃபிளாஷையும் மாட்டுனா. இறுக்குனா. கைய எடுத்தா. நின்னுச்சு. தணிகாசலம் பில் புக்கை எடுத்தாரு.

"இருங்க. எனக்கு அவசரம் இல்ல."

ஸ்டூல்ல உக்காந்துட்டா. கிரேஸ் பக்கத்துக் கடையில டீ சொல்லிட்டு வந்தா. டீ வந்துச்சு, குடிச்சாங்க. தணிகாசலம் வேற ஆளுக்கு பேட்டரி வித்தாரு. நசீம் கேமராவ விட்டுக் கண்ண எடுக்கல. டம்ளரைக் கீழ வெக்கிறப்ப பாத்தா, கேமரா மூக்கு லேசாக் கீழ எறங்கியிருக்குது.

"சொல்லிக்காமக் குனியுது பாருங்க"ன்னா.

தணிகாசலமும் கிட்ட வந்து பாத்தாரு. "ஃபிளாஷு வெயிட்டும்மா. இது சின்ன கேமராவுக்குத்தான்"னு ஒத்துக்கினு உள்ள போயி இன்னொண்ணு எடுத்துக்கினு வந்தாரு. அதே கோலிகுண்டுதான், ஆனா பெருசு, கனம். பெரிய திருகுக்குப் பக்கத்துல சுண்டுவெரலு அளவுக்கு இன்னொரு குட்டித் திருகு.

"இது எதுக்கு?"

"பெரிசைத் திறந்தா கேமரா தொபக்குன்னு விழுந்துடுமில்ல? இதைக் கொஞ்சம் இறுக்கி வெச்சிக்கினா விழாது. தள்ளுனாத்தான் நகரும். எவ்ளோ இறுக்கணும்ன்றது உங்க கேமரா வெயிட்டைப் பொறுத்து."

நசீம் ரெண்டு மூணு தடவ திருகிப் பாத்தா. மாவு பெசையறப்ப பதம் பாக்குற மாதிரி. பெரிசைத் திறந்தா, கைய எடுத்தா. கேமரா விழல. ஒரு வெரலால தள்ளுனா. போச்சு. விட்டா. நின்னுச்சு.

"கிரேசு, அந்தத் துப்பட்டாவப் போட்டுக்கோ."

"எதுக்குக்கா?"

"நீதான் தாஜுன்னிசா. நடந்து வா. உரசிக்கினு வா."

கிரேஸு பொடவ மேல துப்பட்டாவப் போட்டுக்கினு இடுப்ப ஆட்டிக்கினு வந்தா. "நாந்தான் மாப்பிள்ளை அக்கா. எல்லாரும் ஒதுங்குங்கடி."

"இன்னாம்மா பண்றீங்க கடையில?"ன்னாரு தணிகாசலம். பேட்டரி வாங்க வந்தவன் வாங்கிட்டும் போவாம நின்னு பாத்தான்.

மொதல் தடவ ஜரிகை அந்தப் பெரிய திருகுல மாட்டிக்கிச்சு. கிரேஸு நின்னுட்டா. நசீம் மொகம் சுருங்கிடுச்சு. அப்புறம் தலையக் கழட்டாமயே கால்மேல ஒரு சுத்து சுத்தி, திருகு தன் வயித்துப் பக்கம் வர்ற மாதிரி நிறுத்துனா. "இப்ப வா." கிரேஸு வந்தா, போனா, மறுபடி வந்தா, குனிஞ்சா. துப்பட்டா வழுக்கிக்கினு போச்சு.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேம்மா"ன்னாரு தணிகாசலம். "இதுல அவசரமாத் திருப்புனா கோணும். நேரா நிக்குதான்னு பாத்து இறுக்கணும். அந்த விஷயத்துல மொதல்ல காட்டுனதுதான் பெஸ்ட்டு. அப்புறம் வந்து என்னைக் கேக்கக் கூடாது."

"கோணலை நான் பாத்துக்கிறேன். குனியாம இருந்தாப் போதும்."

வெலையச் சொன்னாரு. கிரேஸு, "ஏசப்பா!"ன்னா. நசீம் பேரம் பேசிப் பாத்தா, கொஞ்சம் எறங்குனாரு, வாங்கிட்டா.

ஊட்ல ஹயாத் பாஷா அதைக் கையில வெச்சு உருட்டிப் பாத்தாரு. "கோலி ஆடவா?"ன்னாரு. ஆனா அடுத்த நாள் காலையில நாஷ்டா சாப்ட்டுட்டு, அவ சொல்லாமலே அதைக் கால்மேல மாட்டி வெச்சிட்டுத்தான் கடைக்குப் போனாரு. நசீம் சமையலுக்கு நடுநடுவுல வந்து பழகுனா. பிலிமு போடல. குக்கரைப் பாக்க வெப்பா, சட்டுன்னு திருகைத் திறந்து கீழ இருக்குற வெங்காயக் கூடையப் பாப்பா, இறுக்குவா. அப்பல்லாம் கொஞ்சம் கோணத்தான் செஞ்சுது. குக்கரு நேரா நின்னா வெங்காயம் சாஞ்சுது.

கல்யாணம் ஊட்டுல இல்ல, ஹால்ல. சோபா, பூ, லைட்டுன்னு டெகரேஷன்காரன் நல்லாத்தான் போட்டிருந்தான். நசீம் சோபாவுக்கு நேரா ஸ்டாண்டை நிறுத்தி, சுத்து வந்து எல்லாரையும் கேட்டு முடிச்சிட்டு வந்தா. ஸ்கிரீன் பக்கத்துல நின்னுக்கினு இருந்த ஹயாத் பாஷா அந்தப் பக்கத்துலருந்தே, "நேரா இருக்குதா?"ன்னு கேட்டாரு. "நீங்க மாப்பிள்ளையப் பாருங்க"ன்னு அனுப்பிட்டா.

தாஜுன்னிசா வந்துச்சு. ஸ்டாண்டைப் பாத்ததும் நின்னுடுச்சு. துப்பட்டா முனைய இழுத்து இடுப்புல சொருகிக்கிச்சு, எல்லாரும் பாக்குற மாதிரி.

"இன்னிக்கு எதைடி எடுக்கப் போற? டியூப்லைட்டா?"

பொம்பளைங்க சிரிச்சாங்க. சோபாவுல ஹுமைரா மட்டும் சிரிக்கல.

"நீங்க கட்டுங்கக்கா. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்"ன்னா நசீம்.

அந்தப் பக்கம் நிக்காஹ் முடிஞ்சுது. மைக்குல துவா ஓதுற சத்தம் கேட்டுச்சு. கருகமணிய தட்டுல எடுத்துக்கினு வந்தாங்க. நசீம் ஒயரு பட்டனைக் கையில எடுத்தா. தாஜுன்னிசா சோபாகிட்ட போயி, கருகமணியக் கையில எடுத்து, அப்படியே நின்னுச்சு.

"கிப்லா எந்தப் பக்கம்?"

தொழுவுறப்ப பாக்குற தெசைதான் கிப்லா. அந்த ஊட்டு வழக்கம், கருகமணி கட்டுறப்ப பொண்ணு கிப்லா பாத்து உக்காரணும். சிஃபா கல்யாணத்துல பாயப் போடுறப்பவே மேற்குப் பாத்துப் போட்டுட்டாங்க, யாரும் தனியா யோசிக்க வேண்டி வரல. ஹால்ல சோபாவப் போட்டது டெகரேஷன்காரன். அவன் பாத்தது பிளக் பாயிண்ட் எங்க இருக்குதுன்னுதான். எல்லாரும் மெகந்திய, பிரியாணிய, ஏசிய விசாரிச்சாங்களே தவிர ஒருத்தரும் இதைப் பாக்கல. நசீமும் பாக்கல.

"சோபாவத் திருப்புங்க"ன்னா ஒருத்தி. ஸ்டேஜோட சேத்து ஆணி அடிச்சிருக்குது.

"எறக்குங்க பொண்ணை"ன்னுச்சு தாஜுன்னிசா. "ஒரு ஜமுக்காளத்தப் போடுங்க. துவா முடியறதுக்குள்ள கட்டணும்."

நசீம் கண்ணு முன்னாடி எல்லாம் ஒரே சமயத்துல நடந்துச்சு. சோபாவுக்கு வலது பக்கம் தரையில ஜமுக்காளம் விழுந்துச்சு. ஹுமைராவ ரெண்டு பேரு கையப் புடிச்சு எறக்கி மேற்குப் பாத்து உக்கார வெச்சாங்க. தாஜுன்னிசா அவ பின்னாடி போயி மண்டி போட்டுச்சு. கேமரா காலி சோபாவ அழகாப் பாத்துக்கினு நிக்குது. ஸ்டாண்டைத் தூக்கிக்கினு போவ வழி இல்ல, சுத்தி கொழந்தைங்க. அதுல ஒண்ணு ஸ்டாண்டு காலையே கட்டிப் புடிச்சிக்கினு நிக்குது.

இடது கையால அந்தக் கொழந்தையப் புடிச்சா. வலது கையில இருந்த ஒயரை வாயில கவ்விக்கினு, வயித்துப் பக்கம் இருந்த திருகைத் திறந்தா. கேமரா விழல. ஒரே தள்ளு. வலது பக்கம், கீழ, படம் நெட்டுவாக்குல வர கேமராவ அப்படியே சாய்ச்சுப் படுக்க வெச்சா, ஒண்ணு உக்காந்துக்கினு, ஒண்ணு பின்னாடி ஒசரமா இருக்குதே, ரெண்டு பேரும் அடங்கணுமில்ல. இறுக்குனா. ஒயரை வாயிலருந்து எடுத்தா. குனிஞ்சு கண்ண வெச்சுப் பாத்தா. தாஜுன்னிசா வெரலு ஹுமைரா கழுத்துக்குப் பின்னாடி முடிச்சுப் போடுது. அமுக்குனா. பிலிமைத் தள்ளிட்டு இன்னொண்ணு அமுக்குறதுக்குள்ள முக்காடு எறங்கிடுச்சு.

ஒண்ணுதான்.

ஹுமைரா முக்காட்ட லேசா வெலக்கித் தலையத் தூக்கி அவளைப் பாத்தா. எடுத்தியான்னு கண்ணாலயே கேட்டா. நசீம் தலைய ஆட்டுனா. ஆட்டுனாளே தவிர அவளுக்கே தெரியாது. பிலிமு கழுவி வர்ற வரைக்கும் யாருக்குத் தெரியும்?

மெட்ராஸ்லருந்து பிரிண்டு வர்ற வரைக்கும் நசீம் ஊட்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தா. கவரு வந்ததும் ஹயாத் பாஷா பிரிக்காமக் கொண்டாந்து குடுத்தாரு. அது பொம்பளைங்க பக்கத்துக் கவரு, அவரு பாக்கக் கூடாது. ஆனா வாசப்படியிலயே நின்னுக்கினு இருந்தாரு.

"ஃபேனா?"

நசீம் ஒண்ணொண்ணாத் தள்ளிக்கினே வந்தா. நின்னா.

"ஃபேனு இல்ல."

"அப்புறம்?"

"கடைக்குப் போங்க. கேட் பாஸுக்கு ஆளு வந்திருப்பான்."

ஆல்பத்தை ஒட்டி எடுத்துக்கினு அவளே பழவேற்காட்டுக்குப் போனா. ஹுமைராவோட புது ஊட்ல பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க கூடிட்டாங்க. தாஜுன்னிசா கண்ணாடியப் போட்டுக்கினு நடுவுல உக்காந்து பக்கத்தைத் திருப்புச்சு. மெகந்தி, மாலை, பெரியவங்க, கொழந்தைங்க. அந்தப் பக்கம் வந்துச்சு.

ஹுமைரா குனிஞ்சுக்கினு இருக்குறா. கருகமணி கழுத்துல விழுந்திருக்குது. பின்னாடி தாஜுன்னிசா. ரெண்டு பேரு மொகமும் தெளிவாத் தெரியுது. ஆனா மொத்தமும் ஒரு பக்கமா சாஞ்சிருக்குது, படகுல உக்காந்து எடுத்த மாதிரி.

தாஜுன்னிசா ஆல்பத்தை இப்படித் திருப்பிப் பாத்துச்சு, அப்படித் திருப்பிப் பாத்துச்சு.

"கோணலா இருக்குது."

எல்லாரும் நசீமைப் பாத்தாங்க.

"ஆமாக்கா, கோணல்தான். ஃபேனு நேரா இருந்துச்சு. வேணும்னா அதைக் கொண்டாந்து ஒட்டித் தரேன்."

சிஃபாதான் மொதல்ல சிரிச்சா. அப்புறம் ஹுமைரா. அப்புறம் யாராலயும் அடக்க முடியல. தாஜுன்னிசா மட்டும் சிரிக்காம கண்ணாடியத் தொடச்சிட்டு மறுபடியும் குனிஞ்சு பாத்துச்சு. போட்டோவுல அந்தம்மா கன்னத்துல ஒரு கோடு பளபளன்னு தெரிஞ்சுது.

"நான் அழுதேனா?"

"அழுதீங்க."

"ஒருத்தியும் சொல்லல."

"உங்ககிட்ட யாரு சொல்லுவா?"ன்னா நசீம்.

தாஜுன்னிசா ஆல்பத்தை மூடல. அந்தப் பக்கத்தை அப்படியே மடியில வெச்சிக்கினு, "இதுல ஒண்ணு பெருசாப் போட்டுக் குடு. நிமித்திக் குடு. பீரோவுல வெச்சிக்கிறேன்"ன்னுச்சு. அப்புறம் யாரையோ பாத்துச் சொல்ற மாதிரி, "நோம்பு முடிஞ்சதும் என் பொண்ணுக்குக் கல்யாணம் இருக்குது. எவனையும் உள்ள விட மாட்டேன். வந்து மொதல்ல கிப்லாவப் பாத்துக்கோ"ன்னுச்சு.

"நீங்க சோபாக்காரன்கிட்ட சொல்லுங்க. எனக்கு சமைக்கிற வேலை இருக்குது"ன்னுட்டு நசீம் செருப்பைப் போட்டுக்கினு பொன்னேரி பஸ்ஸைப் புடிக்கக் கெளம்பிட்டா.

கைப்பிடி வெச்ச பழைய தலை இப்ப வேற காலுமேல ஏறி ஸ்டூடியோவுலதான் நிக்குது. கேட் பாஸுக்கு வர்றவங்க எல்லாம் ஆம்பளைங்க, சட்டையில பட்டனைப் போட்டுக்கினு ஸ்டூல்ல வெறைப்பா உக்காருவாங்க. மாட்டிக்க ஒண்ணும் இல்ல. ஹயாத் பாஷா கைப்பிடியப் புடிச்சிக்கினு, ஹேண்டில்பாரு ஹேண்டில்பாருதான்னு இன்னும் சொல்லிக்கினுதான் இருக்காரு.